எழுபத்தேழாம் எண்

ஜாஸ்பின் ஆவூர்ப் பக்கத்துப் பெண். பாலிடெக்னிக் முடித்ததும், ஆலைகளில் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் திருச்சிக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். ஸ்கூட்டரில் தனியாகவே எங்கேயும் போய்வருவாள். விராலிமலை அருகே அந்த நூற்பாலைக்குப் போகும்வரை வேலையில் பயந்தது கிடையாது.

நூல் அறுந்துபோகாமல் ஹாலை ஈரமாக வைத்திருக்க அங்கே ஈரக்காற்றைத் தள்ளும் ராட்சத மின்விசிறிகள் ஓடும். அவற்றை இயக்கும் பெட்டி ஈரப்பதத்தைத் தப்பாகக் காட்டுகிறதென்று கூப்பிட்டிருந்தார்கள். அதை அமைத்தவர் மில்லிலேயே வேலைபார்த்த ஜஸ்டின். போன வருடம் லாரி மோதி இறந்துவிட்டார். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஐ.பி. முகவரி என்று ஒரு எண் உண்டு, ஒரே எண் இரண்டுக்கு இருக்க முடியாது; எழுபத்தேழில் முடிகிற முகவரியோடு வரும் கம்ப்யூட்டரிடம் மட்டுமே பெட்டி பேசும்படி அவர் செய்திருந்தார்.

பெட்டி இருந்த அறையில் ஜாஸ்பின் அதில் கேபிளைச் செருகி, தன் லேப்டாப்புக்கு அந்த எண்ணைக் கொடுத்தாள். அந்த முகவரியில் ஏற்கெனவே யாரோ இருப்பதாகத் திரை சொன்னது.

“இங்க வேற கம்ப்யூட்டர் ஏதும் ஓடுதாங்க?”

“இல்லையேம்மா,” என்றார் சூப்பர்வைசர் சோலையப்பன்.

வேறு எண்ணுக்கு மாறி, லேப்டாப்பிலிருந்தே எழுபத்தேழைக் கூப்பிட்டுப் பார்த்தாள். உடனே பதில் வந்தது. திரும்பக் கூப்பிட்டாள். திரும்பவும் வந்தது. காத்துக்கொண்டே இருந்ததுபோல அத்தனை வேகம்.

சோலையப்பன் குரலைத் தாழ்த்தினார். “காலையில நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஃபேனெல்லாம் ஓடிக்கிட்டு இருக்கும்மா. ஜஸ்டின் போனதுக்கப்புறமும் அப்படித்தான். யாரு போடுறதுன்னு நாங்க கேக்குறதில்ல.”

பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சாம்பல் நிறக் கேபிள் சுவரோடு ஏறி, ஃபால்ஸ் சீலிங்குக்குள் போனது. ஜாஸ்பின் மேஜைமேல் ஏறிப் பலகையைத் தள்ளினாள். உள்ளே ஒரு லேப்டாப். மேலெல்லாம் பஞ்சுத் தூசி. தொட்டாள், உடம்புச் சூடு இருந்தது. மூடியைத் திறந்ததும் வெளிச்சம் வந்தது. பாஸ்வேர்டு கேட்டு நின்ற திரையில் ஜஸ்டின் என்ற பெயர்.

“சேசுவே,” என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

வீட்டிலிருந்தே மில்லைப் பார்த்துக்கொள்ள அவர் வைத்துவிட்டுப் போனதாக இருக்கும். காலையில் விசிறிகளைப் போட்டு, நாள் முழுக்க ஓட்டச் சொல்லி அதில் எழுதி வைத்திருப்பார். ஆள் போன செய்தி அதற்கு எப்படித் தெரியும்? இத்தனையும் ஜாஸ்பினுக்குப் புரிந்தது. ஆனாலும் இன்னொரு தடவை சிலுவை போட்டுக்கொண்டாள்.

அந்த லேப்டாப்பின் கேபிளைப் பிடுங்கினாள். உத்தரவு வராமல் கொஞ்ச நேரத்தில் விசிறிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து நின்றன. ஹாலில் அவற்றின் இரைச்சல் அடங்கியது. வேலைசெய்தவர்கள் அறை வாசலில் வந்து கூடினார்கள்.

எழுபத்தேழாம் எண்ணை இப்போது அவள் லேப்டாப் ஏற்றுக்கொண்டது. பெட்டியும் பேசியது. ஈரப்பதக் கணக்கைத் திருத்தினாள்.

“காலையில ஓடுறத இந்தப் பெட்டிக்குள்ளயே வச்சுத் தர்றேங்க. மேல இருக்குறத எடுத்துரலாம்.”

சோலையப்பன் வாசலில் நின்ற முகங்களைப் பார்த்தார். “வேணாம்மா. எடுத்தத எடுத்த எடத்துலயே மாட்டிருங்க.”

தன் கேபிளைக் கழற்றிவிட்டு அதை மாட்டினாள். ஹாலில் விசிறிகள் சுழலத் தொடங்கின. வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முகவரிச் சிக்கல், சரிசெய்தாயிற்று என்று மட்டும் கம்பெனியில் சொன்னாள் ஜாஸ்பின். இன்றும் அந்த மில்லுக்கு அவள்தான் போய்வருகிறாள். மேஜைமேல் ஏறிக் கேபிளைக் கழற்றுமுன், “அண்ணே, அந்த நம்பரச் செத்த நேரம் குடுங்க, தந்துர்றேன்,” என்று சொல்லிவிட்டுத்தான் கழற்றுவாள்.