ஒரு விரல் வணக்கம்

டிரம்கேரா கிராமத்துப் பக்கம் வண்டி ஓட்டுகிறவருக்குப் பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, விரலை எப்போது தூக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். எதிரே கார் வருகிறதா, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்த வேண்டும். அவரும் உயர்த்துவார். அவ்வளவுதான் வணக்கம். உயர்த்தாமல் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில், "என்னப்பா, பெரிய ஆளாயிட்டியாமே" என்று யாராவது கேட்பார்கள்.

ஃபின்டன் மல்வி இருபத்தாறு வருஷம் அந்தச் சாலைகளில் தபால் வேன் ஓட்டியவர். அவருக்கு விரல் தூக்கினால் மட்டும் போதாது. யாருக்குத் தூக்கினோம் என்றும் தெரிந்தாக வேண்டும். எந்தக் கார் யாருடையது, எந்தக் கிழமை எங்கே போகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கடிதம் கொஞ்சம், ஊர்வம்பு நிறைய என்று கொண்டுபோய்க் கொடுத்தார். ஊருக்கு அவரைப் பிடிக்கும்.

அந்தப் புத்திதான் டெர்வ்லா காஃப்னி என்ற பெண்ணின் உயிரை எடுத்தது. இரண்டு வருஷத்துக்கு முன், மார்ச் மாதத்தில் ஒரு மாலை. எதிரே ஒரு பச்சைக் கார் வந்தது. அவர் பார்த்தறியாத கார். ஓட்டியவர் விரல் தூக்கினார், இவரும் தூக்கினார். யாரது? கார் கடந்த பிறகு பக்கக் கண்ணாடியில் பார்த்தார். நம்பரையாவது படிப்போம் என்று இன்னும் ஒரு நொடி பார்த்தார். அந்த நொடியில் டெர்வ்லா சந்திலிருந்து நடந்து சாலைக்கு வந்திருந்தார்.

"வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்" என்றார் முதலில் ஓடிவந்த பக்கத்துப் பண்ணைக்காரர். ஃபின்டன் தலையாட்டினார். பிறகு போலீஸிலும் ஆட்டினார், விசாரணையிலும் ஆட்டினார். மார்ச் மாதத்துச் சாய்வெயில் ஊரறிந்தது. வழக்கு இல்லாமல் முடிந்தது. டெர்வ்லா இறந்த மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனபோது முற்றத்தில் அந்தப் பச்சைக் கார் நின்றிருந்தது. டெர்வ்லாவின் கணவர் மலக்கி விபத்து நடந்த அன்றைக்குத்தான் அதை வாங்கி, டவுன்வரை ஓட்டிப் பார்க்கப் போயிருந்தாராம். மனைவி சாலைக்கு வருவதற்குச் சில நொடி முன்னால் அந்தச் சந்து முனையைக் கடந்திருக்கிறார். புதுக் கார் நினைப்பில் பழக்கத்துக்கு விரல் தூக்கியவருக்கு, எதிரே வந்தது ஃபின்டனின் வேன் என்பதுகூடத் தெரியாது. ஃபின்டனுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த மே மாதத்தில் பந்து மைதானத்தில் சாலைப் பாதுகாப்பு விழா நடத்தினார்கள். பெல்ட் போட்டு உட்காரவைத்துத் தலைகீழாகச் சுற்றுகிற கார் ஒன்று வந்திருந்தது. தீயணைப்புக்காரர்கள் ஒரு பழைய காரை வெட்டிக் காட்டினார்கள். குடித்தவன் கண்ணுக்குப் பாதை எப்படித் தெரியும் என்று காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்ட பாதிரியார், நேராக நடக்கிறேன் பேர்வழி என்று தேநீர் மேசையில் போய் மோதினார். மைதானமே சிரித்தது. செல்போனுக்கு ஒரு கூடாரம், வேகத்துக்கு ஒரு கூடாரம், குடிக்கு ஒரு கூடாரம். விரலுக்குக் கூடாரம் இல்லை.

ஃபின்டன் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்குகிறார். இந்த விழாப் பக்கமே வந்திருக்க மாட்டார். மலக்கியின் தங்கை அட்ராக்டா போன் செய்து வரச் சொன்னதால் நடந்தே வந்தார்.

"அவன் நாய என்கிட்ட குடுத்துட்டான், ஃபின்டன்," என்றார் அட்ராக்டா, முட்டை சாண்ட்விச் தட்டைப் பிடித்தபடி. "அறுவது ஆடு வெச்சிருக்கறவன் நாயில்லாம என்ன பண்ணுவான்? கேட்டா, 'உன்கிட்டயே இருக்கட்டும், நான் இருப்பனோ என்னவோ'ங்கறான்."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனியா?"

"போனேன். குடுத்த மாத்திரை பிரிக்காம அலமாரில கெடக்கு. நீயாவது பேசிப் பாரு. உன்மேல அவனுக்குக் கோவமே இல்ல. இருக்கற கோவமெல்லாம் தன்மேலயேதான்."

மைதானத்து மூலையில் மலக்கி மேசை போட்டு மஞ்சள் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டுகளை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கதை. "பழைய கார் சாமானோட அவ ஜாக்கெட்டயும் புதுக் கார் டிக்கில போட்டிருந்தேன். நான்தான் எடுத்துட்டுப் போயிட்டேன். கறுப்புக் கோட்டோட ரோட்டுல நடந்தா. எப்படித் தெரியும்?" கேட்டவர்கள் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் நகர்ந்தார்கள்.

"வாடா ஃபின்டன். டீ குடிச்சியா?" என்று எழுந்தார் மலக்கி. "இந்தா, ஒண்ணு போட்டுக்க. உன் தொப்பைக்குப் பத்துமா பாரு."

மலக்கியின் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ஃபின்டன் கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் பெயர் போகும், வேலை போகும், ஜெயிலும் வரலாம். போகட்டும், அதைத் தாங்கலாம். ஆனால் எந்தக் கார் என்றும் சொல்ல வேண்டிவருமே. ஜாக்கெட்டுக்கே சாகப் பார்க்கிற மனிதன் தலையில் காரையும் தூக்கி வைப்பதா? சொல்லாவிட்டால் ஜாக்கெட்டே கொன்றுவிடும். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. இரண்டு வருஷமாக அவர் ஒரு நாளும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

"ஜாக்கெட் போட்டிருந்தாலும் அவ செத்திருப்பா, மலக்கி," என்றார்.

மலக்கியின் கை மடித்த ஜாக்கெட்டின் மேல் நின்றது.

"நான் ரோட்டையே பாக்கல. வெயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எதிர ஒரு கார் போச்சு. விரலத் தூக்கினாங்க. யாருன்னு தெரியல. கண்ணாடில பாத்துக்கிட்டே போனேன்."

"வெயில்னு சொன்னியே."

"பொய்."

"யாரு காரு?"

"தெரியல. இன்னிக்கு வரைக்கும் தெரியல."

முதல் பொய் தன்னைக் காப்பாற்றச் சொன்னது. அதற்கு நாக்கு கூசியது. இதற்குக் கூசவில்லை.

மலக்கி நாற்காலியில் உட்கார்ந்தார். மஞ்சள் ஜாக்கெட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். "அப்ப ஜாக்கெட்டால இல்ல," என்றார். கொஞ்சம் கழித்து மறுபடி அதையே சொன்னார். பிறகு எழுந்து ஃபின்டனின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"ரெண்டு வருசம்டா. என் வீட்டுக்கு வந்து, என் கையால டீ வாங்கிக் குடிச்சிருக்க."

"அடி," என்றார் ஃபின்டன்.

மலக்கி அடிக்கவில்லை. "வா. டிவேனிகிட்ட போய்ச் சொல்லு. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

டிவேனி இளவயதுப் போலீஸ்காரர். போலீஸ் கூடாரத்தில் பிரேக் போட எத்தனை நேரமாகிறது என்று அளக்கும் பெட்டியோடு இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு நோட்டை எடுத்தார். யார் கார் என்பதைத் தவிர ஃபின்டன் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல, இரண்டு வருஷமாக அடைத்துக் கிடந்த நெஞ்சு இளகிக்கொண்டு வந்தது. பின்னாலேயே வந்த அட்ராக்டாவின் தட்டிலிருந்து மலக்கி தன்னையறியாமல் ஒரு சாண்ட்விச்சை எடுத்துக் கடித்தார். அட்ராக்டா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இது போதும் என்று இருந்தது ஃபின்டனுக்கு. ஜெயிலுக்குப் போனாலும் போகட்டும்.

டிவேனி பக்கத்தைத் திருப்பினார். "அந்தக் கார ஓட்டினவரு சாட்சிங்க. அவரக் கண்டுபிடிச்சாகணும். கார் என்ன கலர்?"

ஃபின்டன் தலையைக் குனிந்து தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார்.

"சொல்லுடா," என்றார் மலக்கி, வாயில் ரொட்டியோடு. "இனிமே எதையும் மறைக்காத. நம்ம ஊர்ல எத்தன கார் இருந்துடப் போவுது? கலர மட்டும் சொல்லு, ஆள நானே கண்டுபிடிச்சுத் தரேன்."