தவில் தோலும் என் மருமக கையும்

என் மருமக கவிதாவோட வலது கை கொதிக்கிற எண்ணெயில வெந்துபோச்சு. போன தீபாவளிக்கு ஆறு நாள் முன்னாடி. அருப்புக்கோட்டையில நாங்க சேவுக்கடை வச்சிருக்கோம்னு இந்த விளக்குப் பூசைக்கு வர்ற உங்க எல்லாருக்கும் தெரியும். அவ தையல்காரி. ஜாக்கெட்டு தைச்சுக்கிட்டு இருந்தவளை, "ஆர்டர் குவிஞ்சு கிடக்கு, வந்து கூடமாட நில்லு"ன்னு மெஷின்ல இருந்து எழுப்பிக் கூப்பிட்டது நான்தான். சட்டி சரிஞ்சு, மணிக்கட்டுல இருந்து விரல் வரைக்கும் எண்ணெய். அந்த அலறல் இன்னும் என் காதுல இருக்கு.

மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். மகன் லாரியில லோடு ஏத்திக்கிட்டு வடக்க போயிருந்தான். போன்ல, "அம்மா, நீயே பாத்துச் சொல்லு"ன்னுட்டான். மறுநாள் டாக்டரம்மா கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசா ஒரு ஷீட்டைக் காட்டினாக. "இதைப் புண்ணு மேல விரிச்சு ஒட்டிருவோம். இதுல ஊறியிருக்கிற மருந்து கொஞ்சங்கொஞ்சமா உள்ள இறங்கும். இதைப் பிடிச்சுக்கிட்டுப் புதுத்தோலு வளரும். தினமும் கட்டைப் பிரிச்சு வதைக்க வேண்டாம்"னாக. நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தேனா? "எதுல செஞ்சது?"ன்னு கேட்டேன். "மாட்டுத் தோல்ல இருந்து எடுக்கிற சத்து"ன்னாக.

முட்டை கூட வாசப்படி ஏறாத வீடு எங்க வீடு. அந்தத் திமிரு எனக்கு. "அய்யய்யோ, வேணவே வேணாம்"னு எந்திரிச்சுட்டேன். பக்கத்து ரூம்லதான் கவிதா முழிச்சுப் படுத்திருந்தா.

தினமும் புண்ணுல ஒட்டின துணியை உரிக்கும்போது கத்துவா. எட்டாம் நாள் சீழ் வச்சு, காய்ச்சல் ஏறிருச்சு. "விரலைக் காப்பாத்துறதே கஷ்டம்"னுட்டாக. நான் பஸ்ஸு பிடிச்சுத் திருச்சுழி கோயிலுக்கு ஓடினேன். அம்மன் முன்னாடி நின்னு வேண்டவா செஞ்சேன்? சண்டை போட்டேன். "உன் ஆசாரத்துக்காகத்தானே வேணாம்னேன். ஒரு வழி காட்டு தாயே, அவ கை எனக்கு வேணும்"னு அழுதேன்.

பூசை முடிஞ்சு தவில்காரரு வாரை இழுத்துக் கட்டிக்கிட்டு இருந்தாரு. என்னமோ தோணி, "அண்ணே, இது என்ன தோலு?"ன்னேன். "ஒரு பக்கம் ஆடு, ஒரு பக்கம் எருமை. ஏன்க்கா, சின்னப்பிள்ளையில இருந்து கும்புட வாரீக, இன்னைக்குத்தான் கண்ணு தெரிஞ்சுச்சாக்கும்?"னு சிரிச்சாரு.

எனக்குச் சிரிப்பு வரலை. அம்மன் அந்தத் தோலைத் தன் சன்னதியில வச்சு, அதோட சத்தத்தைத் தினமும் கேட்டுக்கிட்டு இருக்கா. வேணாம்னு சொல்ல நான் யாரு?

பஸ்ஸுல நின்னுக்கிட்டே மதுரைக்கு வந்தேன். அன்னைக்குத்தான் முதமுதலா கவிதாகிட்ட, "உனக்குச் சம்மதமா தாயி?"ன்னு கேட்டேன். அவ மெதுவா, "அன்னைக்கே சரின்னுதான் சொல்லியிருப்பேன் அத்தை. என்னைய யாரும் கேக்கலையே"ன்னா. கோவமா சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன்.

புண்ணைச் சுத்தம் பண்ணி, சீழ் அடங்கினப்புறம் ஷீட்டை ஒட்டினாக. அம்மன் கைவிடலை. இளஞ்சிவப்பா புதுத்தோலு படர்ந்து வந்துச்சு. ஆனா ரெண்டு விரலு முழுசா நிமிராது. "முதல்லயே போட்டிருந்தா இவ்வளவு இழுத்திருக்காது"ன்னாக டாக்டரம்மா. அது அம்மன் செஞ்சதில்லை, நான் செஞ்சது. என் வயித்துல பெறந்த மகளா இருந்தா, எதுல செஞ்சதுன்னு கேட்டிருப்பேனா? கவிதா ஒரு நாளும் இதை எங்கிட்ட கேட்டதில்லை. நான்தான் தினமும் கேட்டுக்கிறேன்.

இப்ப அவளால கத்திரி பிடிக்க முடியலை. அவ துணியில கோடு போடுவா, நான் வெட்டுவேன். கோணலாப் போனா, "அத்தை, யாரைக் கேட்டு வெட்டுறீக?"ன்னு அதட்டுவா. வாயைப் பொத்திக்கிட்டு வெட்டுறேன்.

நம்பிக் கும்புடுங்க, அக்கா தங்கச்சிமாரே. எனக்கு வழி காட்டினவ உங்களுக்கும் காட்டுவா. ஆனா சாமி பேரைச் சொல்லி முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி, படுத்துக் கிடக்கிறவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க. பக்கத்து ரூமுக்கு எனக்கு நாலு எட்டுதான் இருந்துச்சு. நான் போகலை.