வூடு என்று சொல்லாத குரல்

அமல்தாஸின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் குரலைத் தெரிந்துகொண்டவர்கள்தான் இண்டூர்ப் பக்கத்தில் நாங்கள் எல்லோரும். காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கூரையில் குழாய் கட்டிய ஆட்டோ ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். “வாங்க வாங்க, நம்ம ஊரு சனங்களே!” என்று அது கூப்பிட்டால் ஜவுளிக்கடைத் தள்ளுபடியோ கண் சிகிச்சை முகாமோ, ஊரே காது கொடுத்துக் கேட்கும்.

பிறகு ஆட்டோவில் சுற்றுவது குறைந்தது. கடைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் வாசகம் அனுப்புவார்கள். அமல்தாஸ் வீட்டில் உட்கார்ந்து போனிலேயே பேசிப் பதிந்து அனுப்புவார். அவர்கள் அதை இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொள்வார்கள். ஒப்பந்தம், கையெழுத்து எதுவும் கிடையாது. பேசுற பேச்சுக்கு எதுக்குங்க பத்திரம் என்று சிரிப்பார்.

போன பங்குனியில் ஒருநாள் அமல்தாஸின் வீட்டு வாசலில் மாரப்பன் பைக்கை நிறுத்தினான். பெங்களூரில் பத்து வருஷம் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தவன்.

“அண்ணா, நீ சொன்னியேன்னுதான் நாளன்னைக்கு பிளாட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கறேன்.”

“நான் எப்படா சொன்னேன்?”

மாரப்பன் போனை நீட்டினான். இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல். அதியமான்கோட்டையைத் தாண்டி ஏதோ மனைப்பிரிவு. “வாங்க வாங்க, நம்ம ஊரு சனங்களே! அரசு அங்கீகாரம் பெற்ற மனை. சொந்த வீடு கட்ட இதுதான் சமயம்!” அமல்தாஸின் குரலேதான். ஆனால் அவர் அப்படி எதையும் பேசியதே இல்லை. அறுபதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். “அமல் அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று கீழே வரிசையாக எழுதியிருந்தார்கள். அந்த அங்கீகாரம் பொய்யென்றால் மாரப்பனின் பத்து வருஷ உழைப்பும் போகும், தன்மேல் ஊர் வைத்த நம்பிக்கையும் போகும்.

விளம்பரத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார். அது கம்ப்யூட்டர் பேசின குரல், உங்க குரல் மாதிரி இருந்தா நாங்க என்ன பண்றது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் அவர் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி ராயம்மாள் தலை நிமிர்ந்தாள்.

“ஏங்க, இது நீங்க இல்ல.”

“எப்படிச் சொல்ற?”

“பொறந்ததுல இருந்து உங்க வாயில வீடுன்னு வந்திருக்குதா? வூடுதான வரும்.”

உண்மைதான். ஜவுளிக்கடைக்காரர் ஒருமுறை வீடு என்று சொல்லவைக்க ஆறு தடவை பேசவிட்டுப் பார்த்து, கடைசியில் கும்பிடு போட்டுவிட்டார். அமல்தாஸ் துள்ளி எழுந்தார். ராயம்மாள் விடவில்லை, முதல் வரியை இன்னொரு தரம் போடச் சொன்னாள். “சனங்களே” முடிகிற இடத்தில், பின்னால், கொசு முனகுவதுபோல் ஒரு பெண் குரல்: “சோறு ஆறுது.” அவள் குரல்! இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆடித் தள்ளுபடிப் பதிவில் அடுப்படியிலிருந்து கூப்பிட்டது. தேதியோடு அந்தப் பதிவு அவர் போனில் அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் மாரப்பனின் பைக்கிலேயே தருமபுரிக்கு ஓடினார்கள். வக்கீல் கோகிலவாணி முதல் வேலையாக, மனைக்காரர்கள் அழிப்பதற்குள் அந்த ரீலைத் தேதி தெரியும்படி சேமித்துக்கொண்டார். பிறகு காதில் ஒயரை மாட்டிக் கேட்டவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

“உங்களுக்கு ரெண்டு சாட்சி இருக்குதுங்க. முதல் வரி உங்க பதிவுல இருந்து திருடினதுன்னு சோறு சொல்லுது. மீதிய நீங்க பேசலைன்னு வீடு சொல்லுது.”

ஒருவர் பேசிய பதிவை அனுமதியில்லாமல் வேறு விளம்பரத்துக்கு எடுப்பது ஒரு தப்பு, சொல்லாததைச் சொன்னதாகக் காட்டி மக்களை நம்பவைப்பது இன்னொரு தப்பு என்று அவர் விளக்கினார். மனை விளம்பரமென்றால் ரியல் எஸ்டேட் ஆணையத்தின் பதிவு எண் அதில் இருந்தாக வேண்டுமாம். தேடிப் பார்த்தார்கள். இல்லை. மாரப்பன் சட்டைப்பையிலிருந்த செக்கை எடுத்து நாலாகக் கிழித்தான்.

மனைக்காரர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் போன மூன்றாம் நாள் ரீல் காணாமல் போனது. ஐந்தாம் நாள் அதே பக்கத்தில், அமல்தாஸிடம் அனுமதி பெறவில்லை, அவர் இந்த மனைகளைப் பரிந்துரைக்கவும் இல்லை என்று அவர்களே எழுதினார்கள். பதிவு எண்ணை மட்டும் கடைசிவரை காட்டவில்லை.

அன்றைக்கு அமல்தாஸ் பரணிலிருந்த குழாயை இறக்கி ஆட்டோவில் கட்டினார். இண்டூரிலிருந்து அதியமான்கோட்டை வரைக்கும் ஒரே பேச்சு. “வாங்க வாங்க, நம்ம ஊரு சனங்களே! பதிவு நம்பர் இல்லாத மனை விளம்பரத்த நம்பாதீங்க. வீடுன்னு சொன்னா அது நான் இல்ல. வூடுன்னு சொன்னாத்தான் நான்!” டீக்கடைகளில் கைதட்டினார்கள். பின்னால் மாரப்பன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான்.

இப்போது அமல்தாஸுக்கு ஐம்பத்து நாலு வயது. ஒன்பது கடைகளுக்குப் பேசுகிறார். எந்தப் பொருளுக்கு, எத்தனை மாதத்துக்கு என்பதையும், கம்ப்யூட்டரில் தன் குரலை வைத்து வேறு பேச்சு செய்யக்கூடாது என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் போனை எடுக்கிறார். பதியும்போது அடுப்படிக் கதவைச் சாத்துவதில்லை.