கவிழ்த்துப் பார்த்த கிண்ணம்

திருநெல்வேலி கீழ ரத வீதியில் 'கண்ணாடிக் கடை' ஆவுடைநாயகம் பிள்ளை என்று சொன்னால் போதும், கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். மனுஷர் நல்லவர். பொய் பேசமாட்டார், பிறத்தியார் காசுக்கு ஆசைப்படமாட்டார். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே இருக்கிற கண்ணாடிச் சாமானைத் தூக்கிக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்காமல் திரும்பமாட்டார். துக்கம் கேட்கப் போன வீட்டில் விளக்குக் குடுவையைக் கவிழ்த்து, எண்ணெயை மடியில் கொட்டிக்கொண்டு வந்தவர் அவர்.

தொழில் அப்படி. பாளையங்கோட்டையில் துரைமார் மாற்றலாகிப் போகும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விடுவார்கள். பூச்சாடி, சர விளக்கு, கிண்ணம் என்று பிள்ளை எடுத்து வந்து பெரிய வீடுகளுக்கு விற்பார். யாருடைய கைவேலை என்பதைப் பொறுத்துத்தான் விலை. சில பேர் அடியில் ஊசியால் கீறியதுபோலத் தங்கள் பெயரைப் பொறித்திருப்பார்கள். பெயர் இல்லாவிட்டால் நிறத்தையும் வெட்டு வேலையையும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். பங்களா பட்லர் இன்பமணியிடம் கேட்டுக் கேட்டுப் படித்த வித்தை அது. அவர் சொன்னால் தப்பாது என்று ஊரில் பெயர். அந்தப் பெயரில் அவருக்கு இருந்த கர்வமும் கொஞ்சநஞ்சமல்ல.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று வாக்கில் அவருடைய ஒரே மகள் உலகம்மாளுக்கு முக்கூடலிலிருந்து வரன் வந்தது. அதற்கு முன்னால் வந்த இரண்டும் தட்டிப்போய்த் தெருவில் முணுமுணுப்பு ஆரம்பித்திருந்த நேரம். மாப்பிள்ளை சிவசண்முகம் பாளையங்கோட்டையில் வாத்தியார். ஜாதகம் பொருந்தியிருந்தது. உலகம்மாளுக்கும் மனசுக்குள் சம்மதம் என்பது, அந்தப் பேச்சு எடுக்கும்போதெல்லாம் அவள் அடுப்படிக்குள் ஓடிப்போனதிலேயே தெரிந்தது. பிள்ளை போய் வீட்டைப் பார்த்து வாக்குக் கொடுப்பதுதான் பாக்கி.

வில்வண்டியில் ஏறும்போது மனைவி பார்வதியம்மாள் சொன்னாள்: “அங்கன போயி எதையும் கவுத்துப் பாத்துராதிய. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்று எரிந்து விழுந்துவிட்டு, மைத்துனர் அம்மையப்பனோடு கிளம்பினார்.

முக்கூடலில் நல்ல மரியாதை. மாப்பிள்ளையின் தகப்பனார் வைத்தியலிங்கம் பிள்ளை வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். கால் கழுவிவிட்டுப் பூசை அறைப் பக்கம் போனதும் அவர் மனைவி ஆவுடைத்தாய் திருநீறு கொண்டுவந்து நீட்டினாள். வழக்கமாகத் திருநீறு வைக்கும் மரக் கிண்ணமான மரவையில் இல்லை. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில்.

“பய மொதச் சம்பளத்துல ஏலத்துல எடுத்துக் குடுத்தது. இது சாமிக்குத்தான்னு நான் சொல்லிட்டேன்” என்றாள் பெருமையாக.

வெளிர் மஞ்சள் கண்ணாடியின் மேல் பச்சைக் கண்ணாடி படிந்திருந்தது. பச்சையைக் கொடியும் இலையுமாக விட்டு, மற்றதை அரித்து எடுத்திருந்தான் செய்தவன். பிள்ளை கிண்ணத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமலே திருநீற்றைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டார். “கொஞ்சம் குடுங்க” என்று இரண்டு கையாலும் வாங்கினார். அவள், சாமிக்குக் காட்டத்தான் வாங்குகிறார் என்று நினைத்திருப்பாள். பிள்ளை கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கி, அப்படியே கவிழ்த்துவிட்டார்.

திருநீறு முழுக்கத் தரையில்.

பெண் கொடுக்க வந்தவன் கையால் சாமி திருநீறு கொட்டினால் எந்த வீட்டில் சம்பந்தம் பண்ணுவார்கள்? அப்போதாவது “ஐயோ, சிவசிவா” என்று உட்கார்ந்து அள்ளியிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். அந்த வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா?

“லூவெல்! பிரெஞ்சுக்காரன் லூவெல் பண்ணுனது!”

அடியில் முதல் எழுத்து மட்டும்தான் அவர் கண்ணில் பட்டிருந்தது. மிச்சத்தை மறைத்துக்கொண்டு ஏதோ அழுக்கு ஒட்டியிருந்தது. ஆவுடைத்தாய் தரையில் உட்கார்ந்து திருநீற்றைக் கூட்டிக்கொண்டிருந்தாள். இவர் அவள் தலைக்கு மேலே கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் அழுக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றார். அம்மையப்பன் அவர் தொடையில் அழுத்திக் கிள்ளிய பிறகுதான் பார்வை கீழே போனது.

ஆவுடைத்தாய் நிமிர்ந்து, “பொண்ணு குடுக்க வந்தியளா, கண்ணாடிக்கு வெல பேச வந்தியளா?” என்றாள்.

உடம்பெல்லாம் கூசிப்போயிற்று பிள்ளைக்கு. மன்னிப்புக் கேட்டார், கும்பிட்டார். வைத்தியலிங்கம் பிள்ளை ஒரு வார்த்தை கடுத்துச் சொல்லவில்லை. இலை போட்டுச் சாப்பாடு போட்டார். இரண்டாந்தரம் ரசம் கூட ஊற்றினார்கள். “சேதி சொல்லி அனுப்புதோம் அண்ணாச்சி” என்று வண்டி வரை வந்து அனுப்பினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. வழி நெடுக அம்மையப்பன் ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது பார்வதியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். உலகம்மாள் அப்பாவுக்குக் கால் கழுவத் தண்ணீர் எடுத்து வைத்தாள். அன்றிலிருந்து பிள்ளை மகள் எதிரே வந்தால் துண்டை உதறுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்கம் உண்மைதான், நான் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியில் இன்னொன்றும் அரித்துக்கொண்டிருந்தது: அது லூவெல்தானா, அவன் மாதிரி செய்கிற வேறு எவனாவதா? ராத்திரி தூக்கத்திலும் வீட்டுக்கே கேட்கும்படி அதையே முணுமுணுத்தார். இப்படியும் ஒரு ஜென்மம்.

மாசிக் கடைசியில் முக்கூடல் வண்டிக்காரன் ஒரு துணி மூட்டையோடு வந்தான்.

“பூசைக்கு இனிமே ஆகாதாம். அண்ணாச்சிக்குப் பிரியமான சாமான், அவுகளே வச்சுக்கிடட்டும்னு சொன்னாக. பையனுக்கு வேற எடத்துல பேசி முடிச்சாச்சு.”

பார்வதியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். உலகம்மாள் வண்டிக்காரனுக்குத் தண்ணீர் மொள்ளப் போயிருந்தாள். பிள்ளை மூட்டையை அவிழ்த்தார்; உள்ளே அந்தக் கண்ணாடிக் கிண்ணம். அதைத் தூக்கிக் கிணற்றில் போடத்தான் நினைத்தார். கை கேட்கவில்லை, கிண்ணத்தைக் கவிழ்த்தது. வேட்டி முனையை எச்சிலில் நனைத்து அழுக்கைத் துடைத்தார். ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது.

லூவெல்.

சொன்னது சரி! முகமெல்லாம் மலர்ந்துபோய் நிமிர்ந்தார். எதிரே தண்ணீர்ச் செம்போடு உலகம்மாள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. அந்தச் சிரிப்பைச் சட்டென்று எங்கே ஒளிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“சந்தேகம் தீந்துச்சாப்பா?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, அவள் வண்டிக்காரனுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனாள்.