ஊதாத டிரம்பெட்

சுஷ்மிதாவை வம்புக்கு இழுத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் குறைவு. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோடு வழியாகப் போகும் பேருந்தை ஓட்டுகிறவள் அவள். குறுக்கே வந்து பிரேக் அடிக்க வைத்த லாரியின் எண்ணை ஒரு வருடம் கழித்துக் கேட்டாலும் ஒப்பிப்பாள். அவள் குடியிருக்கும் புக்கிட் பாஞ்சாங்கில் பக்கத்து வீட்டுக்காரி தன் செருப்பு ஸ்டாண்டை இவள் வாசல் பக்கம் ஒரு சாண் நகர்த்தினாள் என்பதற்காக, மூன்று தீபாவளிக்கு அந்த வீட்டுக்கு முறுக்கு போகவில்லை. மன்னிக்கிறதுதான் பெருந்தன்மை என்று யாராவது ஆரம்பித்தால், "பெருந்தன்மை எல்லாம் பெரிய மனுஷங்களுக்கு லா. நான் பஸ் ஓட்டுறவ" என்று வாயை அடைத்துவிடுவாள்.

இதெல்லாம் சில்லறைக் கோபம். மனசுக்குள் போட்டுப் பொத்திப் பொத்தி வளர்த்த கோபம் ஒன்றே ஒன்றுதான். அது இருதயராஜ் மேல்.

உயர்நிலை இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது சுஷ்மிதா பள்ளியின் அணிவகுப்பு பேண்டில் டிரம்பெட் வாசித்தாள். டிரம்பெட் வரிசைக்கு லீடர், அவளைவிட இரண்டு வயது மூத்த இருதயராஜ். அந்த வருடம் தீபாவளி விளக்கேற்றும் நிகழ்ச்சிக்கு லிட்டில் இந்தியாவில் பேண்டு நடந்து போக வேண்டும். இவளுடைய அப்பா அங்கமுத்து, தன்னோடு கப்பல் பட்டறையில் வேலை செய்தவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து தேக்கா மார்க்கெட் பக்கம் நின்றிருந்தார். கிளம்புகிற நேரத்தில் இருதயராஜ் இவளிடம் வந்தான். "நீ வாயில வெச்சுக்கோ, விரல மட்டும் ஆட்டு. ஊதாத. நீ ஊதினா எங்க எல்லாருக்கும் கேவலம்." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சின்னவள் என்ன செய்வாள்? அவ்வளவு நீளத் தெருவையும் ஊமை டிரம்பெட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து முடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அவள் தலையைத் தடவி, "அத்தன பேர்ல உன் சத்தம் மட்டும் எனக்குத் தனியா கேட்டுச்சு மா" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர் அவருக்கு. "ஆமாப்பா" என்றாள். மனுஷன் சாகிற வரைக்கும் அதைப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தன்னைக் கேவலப்படுத்தியதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். அப்பாவிடம் அப்படி ஒரு பொய் சொல்ல வைத்தானே, பாவி! அவன் ஊர் பார்க்கத் தன்னிடம் மன்னிப்புக் கேட்டே தீர வேண்டும் என்பதுதான் அவளுடைய தீர்மானம்.

மகள் வர்ஷா அதே பள்ளியில் சேர்ந்து பேண்டுக்குப் போக ஆசைப்பட்டபோது, அங்கே பயிற்றுநராக இருப்பது இருதயராஜ் என்று தெரிந்தது. தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. சமயம் வாய்க்கட்டும் என்று கறுவிக்கொண்டே சீருடைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். சும்மா சொல்லக்கூடாது, வர்ஷா கெட்டிக்காரி. மூன்றாம் வருடத்தில் டிரம்பெட் வரிசைக்கு அவளே லீடர்.

சமயமும் வாய்த்தது. புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாளில், பழைய மாணவி என்ற முறையில் வந்து பேச முடியுமா என்று இருதயராஜே வாட்ஸ்அப்பில் கேட்டான். இவள் உடனே லீவு போட்டாள்.

பள்ளி மண்டபத்தின் வாசலிலேயே கையை நீட்டிக்கொண்டு வந்தான். வயிறு முன்னால் வந்திருந்தது, முடி பின்னால் போயிருந்தது. "ஏய் சுஷ்மி! நம்ம டிரம்பெட் செக்‌ஷன்! அப்பல்லாம் என்ன ஜாலியா இருந்தோம், ஞாபகம் இருக்கா?"

"எல்லாமே ஞாபகம் இருக்கு சார்" என்றாள் சுஷ்மிதா. ஜாலியாமே, ஜாலி! அவன் மூஞ்சியில் ஒரு குற்ற உணர்ச்சியாவது தெரிகிறதா என்று தேடினாள். மருந்துக்கும் இல்லை. செய்ததை மறந்தே போயிருக்கிறான். அடித்தவனுக்கு மறந்து போவது அடியைவிடக் கொடுமை இல்லையா?

முதலில் பேண்டு ஒரு பாட்டு வாசித்துக் காட்டியது. பெற்றோர்கள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். சுஷ்மிதா டிரம்பெட் வரிசையை மட்டும் பார்த்தாள். வர்ஷா நடுவில் நிமிர்ந்து நின்றாள். வரிசையின் கடைசியில் ஒல்லியாக ஒரு பெண். விரல்கள் ஒழுங்காக ஏறி இறங்கின, ஆனால் கன்னம் அசையவில்லை. பாட்டில் மற்றவர்கள் மூச்சிழுக்கும் இடத்தில் இவள் தோள் எழும்பவில்லை. பாட்டு முடிந்ததும் எல்லாரும் குழாயின் அடியில் இருக்கும் சின்ன மூடியை அழுத்தி, உள்ளே சேர்ந்த எச்சில் தண்ணீரைத் தரையில் விரித்திருந்த துணியில் வடித்தார்கள். அந்தப் பெண் வடிக்கவில்லை. ஊதினால்தானே தண்ணீர் சேரும்!

சுஷ்மிதாவுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. அடப்பாவி, இன்னமும் இதையே செய்கிறாயா? கையும் களவுமாக மாட்டினாய், மகனே! உண்மையைச் சொன்னால், அந்தப் பெண்ணுக்காக அவள் வருத்தப்பட்டதைவிடத் தனக்காகச் சந்தோஷப்பட்டதுதான் அதிகம்.

மைக்கை வாங்கினாள். சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் இருந்ததால் பேச்சு ஆங்கிலத்தில்தான். கோபம் மட்டும் முழுக்கத் தமிழ்.

"புதுசா சேர்ற பிள்ளைங்களுக்கு நாலு விஷயம் சொல்றேன். முதல் சில மாசம் வாத்தியமே கைக்கு வராது. நடை, நடை, நடைதான். இடது கால் எதுன்னு உங்களுக்கே சந்தேகம் வந்துடும். வெயில்ல நிக்கும்போது முட்டிய இறுக்காதீங்க, மயங்கி விழுவீங்க. காலையில சாப்பிட்டு வாங்க. கொசு கடிச்சா கடிக்கட்டும், சொறியக் கூடாது. டிரம்பெட் கேட்டவங்களுக்கு அண்டா மாதிரி டியூபா கிடைக்கும், அழாதீங்க." பிள்ளைகள் சிரித்தார்கள். இருதயராஜும் தலையாட்டிச் சிரித்தான். சிரி, நல்லாச் சிரி, என்று நினைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரு விஷயம் இருக்கு. அத யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. ஒரு நாள் ஒருத்தர் உங்ககிட்ட வந்து, நீ ஊதாத, சும்மா வாயில வெச்சுக்கன்னு சொல்லலாம். எனக்குச் சொன்னாங்க. எங்கப்பா ரோட்டோரத்துல நின்னு, வராத சத்தத்தக் கேட்டு அழுதாரு. சொன்னவரு இந்த ஹாலுக்குள்ளதான் இருக்காரு."

இருதயராஜின் சிரிப்பு பாதியில் நின்றது.

"பழைய கதைன்னு நினைக்காதீங்க. இன்னிக்கும் நடக்குது. இப்ப, உங்க கண்ணு முன்னாடி நடந்துச்சு." கடைசியில் நின்ற பெண்ணைக் கைகாட்டினாள். "இங்க வா மா. உன் பேர் என்ன?"

வர்ஷா வரிசையிலிருந்து தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அம்மா மானத்தை வாங்குகிறாளே என்று வெட்கப்படுகிறாள் போல, என்று சுஷ்மிதா அதைச் சட்டை செய்யவில்லை.

"ரோஷினி" என்றாள் அந்தப் பெண், வந்து நின்று.

"பயப்படாத. உன்ன யாரும் ஒண்ணும் செய்ய முடியாது, நான் இருக்கேன். உன்ன ஊத வேணாம்னு சொன்னவங்க யாரா இருந்தாலும் சரி, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி, இப்ப இந்த இடத்துல எல்லார் முன்னாடியும் உன்கிட்ட சாரி சொல்லணும். சொல்ல வைக்காம நான் இங்கருந்து நகர மாட்டேன். சொல்லு, யாரு?"

மைக்கை அவள் வாயருகே நீட்டினாள். இருதயராஜைப் பார்த்துக்கொண்டே நீட்டினாள்.

"வர்ஷா அக்கா" என்றாள் ரோஷினி. "நான் ஊதினா எல்லாருக்கும் கேவலம்னு சொன்னாங்க."

ஒலிபெருக்கி அதை மண்டபத்தின் கடைசி நாற்காலி வரைக்கும் கொண்டு போனது. யாரோ ஓர் அம்மா, "ஐயையோ, அது இவங்க பொண்ணு லா" என்று முணுமுணுத்தது நன்றாகவே கேட்டது.

இருதயராஜ் பக்கத்தில் வந்தான். "சுஷ்மி, விடு. நான் அப்புறம் பேசிக்கிறேன். சின்னப் புள்ளைங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் ஒருத்தரையும் அப்படிச் சொல்லச் சொன்னதில்ல. சத்தியமா" என்றான். அவன் கண்ணில் பொய் இல்லை. தான் ஒரு காலத்தில் சொன்னதும் அவனுக்கு நினைவில்லை. இவனைப் போய் என்ன செய்வது?

சுஷ்மிதாவின் காது இரண்டும் எரிந்தன. சொல்ல வைக்காமல் நகர மாட்டேன் என்று இத்தனை பேர் முன்னால் சொன்ன வாய் அவளுடையது. விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாத வாய்.

"வர்ஷா, வா இங்க."

வர்ஷா வந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. மைக்கை வாங்கி, "சாரி ரோஷினி" என்றாள். பாதியிலேயே அழுகை முட்டியது. பெற்றோர்கள் கைதட்டினார்கள். ஓர் ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல பாடம், நல்ல பாடம் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

சுஷ்மிதா இத்தனை வருடம் கற்பனை செய்து வைத்திருந்தது எல்லாம் அப்படியே நடந்தது. மண்டபம், மைக், மன்னிப்பு, கைதட்டல். ஒன்றுகூடக் குறையவில்லை.

"இட்ஸ் ஓகே, அக்கா" என்றாள் ரோஷினி, மைக்கில், எல்லாருக்கும் கேட்கும்படி. சொல்லும்போது அவள் கண் வர்ஷாவின் முகத்திலேயே இருந்தது. இமைக்கவில்லை. அழும் முகத்தின் ஒவ்வோர் அங்குலத்தையும் அந்தக் கண் நிதானமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தது.

சுஷ்மிதாவுக்கு அந்தப் பார்வை தெரியும். இந்தப் பெண் மறக்க மாட்டாள்.