விமானத்தின் வயிறு

சிறு குறிப்பு வரைக: முத்துத் துறைமுகத் தாக்குதல். ஐந்து மதிப்பெண்.

அந்த ஐந்தையும் நான் முழுதாக வாங்கினேன். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் ஒப்பிப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. கப்பல்களின் முதுகிலிருந்து கிளம்பிய ஜப்பானிய விமானங்கள். பசிபிக் பெருங்கடலின் நடுவே, தீவொன்றின் மடியில் நங்கூரம் போட்டு நின்ற அமெரிக்கப் போர்க்கப்பல்கள். முன்னறிவிப்பு இல்லை. இத்திடீர்த் தாக்குதலே அமெரிக்காவைப் போருக்குள் இழுத்தது. முற்றுப்புள்ளி.

அந்த முற்றுப்புள்ளி மேல்தான் எனக்குக் கோபம்.

ஒரு நாட்டை இழுத்ததாம். ஒரே ஒரு நாட்டை. கல்யாண வீட்டு வாசலில் கையைப் பிடித்து, வாங்க வாங்க என்று உள்ளே இழுப்பார்களே, அப்படி இழுத்ததுபோல எழுதி வைத்திருந்தார்கள். அதே கையால் இழுபட்டு, எந்த நாட்டுக் கணக்கிலும் வராமல் தெருவில் கிடந்தவர்களை எந்தப் பக்கத்தில் எழுதினீர்கள்? எங்கள் அம்மாவை எங்கே எழுதினீர்கள்?

எழுபதுகளின் கடைசி. ஆம்பூரில், தோல் பதனிடும் ஷெட்டுகளுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடு. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு உருப்போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா அப்போதுதான் வேலை விட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். ஷூவின் மேல்பாகம் தைக்கிற கம்பெனியில் அவளுக்கு டேபிள் வேலை. தோலின் ஓரத்தில் சொல்யூஷன் தடவி, மடித்து, சுத்தியலால் தட்டி ஒட்ட வேண்டும். விரல்களில் காய்ந்துபோன சொல்யூஷனை, பாம்பு சட்டை உரிப்பதுபோல, ஒவ்வொரு விரலாக உரித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னாடி அது? திரும்பப் படி."

படித்தேன்.

"அமெரிக்காக்காரன் சண்டைக்கு எறங்குனான். செரி. அப்புறம்?"

"அவ்ளோதாம்மா. அடுத்தது ஹிரோஷிமா."

"நடுவுல ரங்கூன் இல்லியா?"

பக்கத்தைப் புரட்டினேன். இல்லை.

"நல்லா பாருடி. கீழ சின்ன எழுத்துல போட்டிருப்பான்."

சின்ன எழுத்திலும் இல்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கி, அந்தப் பக்கத்தை மின்விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் மடியில் எறிந்தாள்.

அவள் பிறந்தது ரங்கூன். தாத்தா வடஆற்காட்டிலிருந்து கப்பலேறிப் போய், அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கடலுக்கு அந்தப் பக்கத்தில் எங்கேயோ அமெரிக்கக் கப்பல்களை ஜப்பான்காரன் அடித்துவிட்டான் என்ற சேதி வந்த அன்று, டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டமாம். தாத்தா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாராம். "வெள்ளைக்காரனுக்கே அடி விழுது! தூங்குனவன தூக்கத்துலயே அடிச்சிட்டானுங்க!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுத்தாராம். யாரோ யாரையோ அடிக்கிறான், நமக்கென்ன என்று தெருவே தின்றது. அந்த மாதம் முடிவதற்குள் அதே ஜப்பானின் விமானங்கள் ரங்கூன் மேலே வந்தன. பிறகு பிணங்கள், தீ, பூட்டாமல் விட்ட வீடு, இந்தியாவை நோக்கி மலைவழி, காலரா, நடை. அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. மூன்று வயதில் ஒரு தம்பி இருந்தான். அவனைப் பற்றி எப்போது கேட்டாலும் மூன்றே வார்த்தைதான். "வழியில அவன் போய்ட்டான்."

அதற்குமேல் கேட்டால் அடி விழும்.

ஊருக்கு மேலே மதராஸ் விமானமோ பெங்களூர் விமானமோ போகும்போது தெருப் பிள்ளைகளெல்லாம் வெளியே ஓடி அண்ணாந்து கத்துவார்கள். நான் மட்டும் ஓட முடியாது. அம்மா சடையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவாள். ஜப்பான் பொம்மை, ஜப்பான் சட்டைத் துணி எதுவும் வீட்டு வாசல் ஏறக் கூடாது. நான் பள்ளி முடித்துவிட்டு அதே கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தேன். மிஷின்கள் எல்லாம் ஜப்பானில் செய்தவை. டேபிளில் தட்டுகிறவர்களைவிட மிஷினில் தைக்கிறவர்களுக்குக் கூலி ஜாஸ்தி. அம்மாவுக்கு என்னைவிட நல்ல கை; எத்தனையோ தடவை கூப்பிட்டார்கள். "அவன் மிஷின் மேல என் கை படாது" என்று சுத்தியலோடு உட்கார்ந்தே இருந்தாள். ஹாலில் எல்லோரும் அவளை பர்மாக்கா என்பார்கள். பாதி மரியாதை, பாதி கேலி.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் மேனேஜர் ஹாலுக்குள் வந்து கைதட்டினார். மிஷின்கள் நின்றன. மதராஸ் ஏஜென்ட் போன் செய்திருந்தாராம். புதுமாதிரித் தையல் சொல்லிக்கொடுக்கக் கிழக்கு நாட்டிலிருந்து ஒரு எக்ஸ்பர்ட் வருகிறார். எந்த நாடு என்று மேனேஜர் கேட்டிருக்க மாட்டார். மிஷின் வந்த திசையிலிருந்துதானே மனுஷனும் வருவான்?

"பர்மாக்கா, ஜப்பான்லேருந்து பெரிய ஆளு வர்றார். முதலாளி ஜோரா பண்ணச் சொல்லிட்டார். ஆரத்தி எடுக்கணும், நீங்கதான் எடுக்கறீங்க. புருஷன் இருக்குற பொம்பளைங்கள்ல இந்த ஹால்லயே நீங்கதான் பெரியவங்க."

"வேற யாரையாச்சும் பாருங்க சார்."

"ஏன்? உங்களுக்கு அவங்க பாஷையே தெரியுமே. பர்மாவுல இருந்தவங்கதானே?"

ஹால் சிரித்தது.

"பர்மாவுல பர்மா பாஷைதான் சார் பேசுவாங்க."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. மூஞ்சியப் பாத்தா தெரியல?"

அம்மா சுத்தியலைக் கீழே வைத்தாள். "என்னால முடியாது சார்."

"முடியாதுன்னா கணக்க முடிச்சிக்க. நாளைக்கே வேற ஆளு வருவா."

பர்மாக்கா என்று ஆரம்பித்தவர், நாலு பேச்சுக்குள் வாங்க போங்கவை உரித்துப் போட்டுவிட்டார். தோல் மேலிருக்கும் முடியை உரிக்கக்கூட சுண்ணாம்புக் குழியில் சில நாள் ஊற வேண்டும்.

அந்தக் குழியில் இறங்கி வேலை செய்துதான் அப்பாவுக்குக் கால் இரண்டும் வெந்து புண்ணாகி, வீட்டோடு கிடந்தார். அம்மாவின் கூலி நின்றால் அவர் கால் மருந்தும் நிற்கும். அது அம்மாவுக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். சாயங்காலம் அப்பா கட்டிலிலிருந்தே சொன்னார். "ஒரு தட்டைச் சுத்தறதுக்கு இன்னா பேஜாரு உனக்கு? சுத்திட்டு வந்துடு."

"சுத்தறேன். சுத்தி முடிச்சதும் அவனை ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வர்றேன்."

"இன்னா கேள்வி?"

"அவன்கிட்டதான் கேப்பேன்."

"வேலை போய்டும்டி."

"போவட்டும். கேக்காம விட்டாத்தான் உசுரு போவும்."

அவள் என்ன கேட்பாள்? காறித் துப்புவாளோ? தட்டை அவன் தலையிலேயே கவிழ்ப்பாளோ? மறுநாள் தைக்கும்போது ஊசி என் விரலில் ஏறியது.

அந்த நாள் வந்தது. கேட்டின் மேலே 'ஜப்பான் விருந்தினரே வருக' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் துணிப் பேனர். கீழே பெரிய கோலம். எங்கள் எல்லோரையும் மிஷினிலிருந்து எழுப்பி வாசலில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சிவந்த தண்ணீர்த் தட்டை அம்மா ஒரு பக்கமும் எதிர் டேபிள் அக்கா ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். கார் வேலூரில் டிபன் சாப்பிட நின்றுவிட்டதாம். தண்ணீர் சுட்டது. அம்மா தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் வந்தது. கண்ணாடி போட்ட குள்ளமான ஒரு மனிதர், கோட்டுக்குள் வேர்த்து ஊற்ற, இறங்கினார். கற்பூரம் ஏற்றினார்கள். தட்டு கிளம்பியது. அரைச் சுற்றுதான் வந்திருக்கும், அவர் தலையைத் தூக்கிப் பேனரைப் பார்த்தார்.

முகம் அப்படியே மாறியது. விரலை நீட்டி என்னவோ கத்தினார். நெஞ்சில் அறைந்துகொண்டு "கொரியா! கொரியா!" என்றார். காருக்குள் திரும்ப ஏறப் போனவரை, கூட வந்த மதராஸ் ஏஜென்ட் ஓடிப் பிடித்தார்.

"இன்னா சார் எழுதி வச்சிருக்கீங்க?" ஏஜென்ட் மேனேஜரிடம் பல்லைக் கடித்தார். "இவர் கொரியாக்காரர். இவங்க நாட்டையே ஜப்பான்காரன் புடிச்சி அடிமையா வச்சிருந்தான். அந்தப் பேரப் போட்டா வரவேற்பீங்க?"

முதலாளி உள்ளேயிருந்து ஓடி வந்து, நெஞ்சில் கைவைத்து மன்னிப்புக் கேட்டு, விருந்தாளியை அழைத்துப் போனார். வாட்ச்மேன் கம்பால் பேனரைக் கிழித்து இறக்கினார். எதிர் டேபிள் அக்கா பயந்து தட்டை விட்டுவிட்டாள். அம்மா மட்டும், முழுப் பாரத்தையும் தன் இரண்டு கையில் வாங்கிக்கொண்டு, அரைச் சுற்றில் நின்ற தட்டோடு நின்றாள். நாற்பது வருடத்துக்கு மேலாக வாயில் வைத்திருந்த கேள்வி, ஆள் மாறி வந்ததால், வாய்க்குள்ளேயே நின்றது.

மேனேஜர் யார் மேல் விழலாம் என்று சுற்றிலும் பார்த்தார். அம்மாவைக் கண்டார்.

"ஏம்மா, நீ பர்மாவுல அவனுங்களப் பாத்தவதானே? இது ஜப்பான் மூஞ்சி இல்லன்னு முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா?"

கார்க் கதவு திறக்கும்வரை அந்த மூஞ்சியை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. அது அவருக்குத் தோன்றவில்லை. மேலே இருப்பவர்கள் தப்புச் செய்தால் கீழே ஒரு தலை வேண்டும், அவ்வளவுதான்.

"மூஞ்சியா?" என்றாள் அம்மா.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் வரிசையின் கடைசி வரை கேட்டது.

"எவன் மூஞ்சிய சார் நான் பாத்தேன்? ஏரோப்ளேன் வயித்தைத்தான் பாத்தேன். வெள்ளிக் கெண்டை மாதிரி மின்னிச்சி. வரிசை வரிசையா வந்திச்சி. பயம்னு தெரியல. அழகா இருந்திச்சி. தெருவே வெளிய வந்து வேடிக்கை பாத்திச்சி. எந்தம்பி தெரியல தெரியலன்னு அழுதான். தோள்ல தூக்கி வச்சிக் காட்டினேன் சார். நல்லா பாரு, நல்லா பாருன்னு. மேலேருந்து விழுந்தது அவன் மேலதான் மொதல்ல பட்டுச்சி. எம்மேல படவேயில்ல. அவன் மறைச்சிட்டான்."

வழியில் அவன் போகவில்லை. அவள் தோளிலேயே போயிருக்கிறான். பெற்ற மகள் எனக்கு அது அன்றுதான் தெரியும். அதுவும் மேனேஜரின் கேள்விக்குப் பதிலாக, கம்பெனி வாசலில், ஒரு ஊரே நிற்க.

மேனேஜர் அலுவலக ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே முதலாளி விருந்தாளிக்கு இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வந்த ஆளு காதுல விழுற மாதிரி ஒப்பாரி வெக்கிறியா? நாளைலேருந்து வராத. எல்லாரும் உள்ள போங்க."

எல்லோரும் உள்ளே போனார்கள். நான் போகவில்லை. அம்மா தட்டோடு கேட்டைத் தாண்டி நடந்தாள். சுற்றிய தண்ணீரை உள்ளே கொண்டுபோகக் கூடாது, வெளியே கொட்ட வேண்டும். அரைச் சுற்றுச் சுற்றியதை என்ன செய்வது? அதற்கு எந்த வீட்டிலும் முறை கிடையாது. கால்வாய் ஓரத்தில் நின்றாள். நான் பின்னாலேயே போய் நின்றேன்.

"இன்னாம்மா கேக்கணும்னு இருந்த?"

தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "தம்பி ஏரோப்ளேனுக்குக் கை ஆட்டினான்டி. டாட்டா காட்டினான். மேலேருந்து பாத்தா அது தெரிஞ்சுதான்னு கேக்கணும். தெரிஞ்சே போட்டானா, தெரியாமப் போட்டானா."

இதுதான் கேள்வி. இந்தச் சின்னக் கேள்வியை நாட்டுக்கு நாடு, தலைவருக்குத் தலைவர், புத்தகத்துக்குப் புத்தகம் யாரும் கேட்கவில்லை. கப்பல்களை எண்ணினார்கள், விமானங்களை எண்ணினார்கள். கையாட்டிய குழந்தையை எண்ண ஒரு வரி கிடைக்கவில்லை. கேட்க ஒருத்தி வந்தாள். அவள் முன்னால் தப்பான ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டு அவளையே வெளியே தள்ளினார்கள்.

அம்மா தட்டைச் சாய்த்தாள். கால்வாயில் ஏற்கனவே தோல் ஷெட்டுகளின் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் காய்ந்த ரத்தம்போல ஒரு பழுப்பு, மேலே நுரை. அவள் கொட்டிய சிவப்பு எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை. எல்லாமாகச் சேர்ந்து பாலாற்றைப் பார்த்துப் போனது.

"ம்மா, தட்டு கம்பெனியோடது" என்றார் வாட்ச்மேன், பாவம், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் கையில் கொடுத்தாள். என் பக்கம் திரும்பினாள். "நீ உள்ள போடி. மிஷின் சும்மா நிக்குதுன்னு உன்னையும் அனுப்பிடுவான். அப்பன் காலுக்கு மருந்து வேணும்."

போனேன். ஜப்பானில் செய்த மிஷினில் உட்கார்ந்து, கொரியாக்காரர் காட்டிய புதுத் தையலை அன்றைக்கே கற்றுக்கொண்டேன். என் கை நன்றாக வருகிறது என்று அவர் சிரித்துத் தலையாட்டினார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. அவர்மேல் வைக்க முடியாத கோபத்தை ஊசிக்குக் கீழே வைத்து மிதித்தேன், சாயங்கால மணி அடிக்கும்வரை மிதித்தேன். அம்மாவின் டேபிளில் அவள் சுத்தியலை எடுத்து வேறொருத்தி தட்டிக்கொண்டிருந்தாள்.