மேற்குப் பக்கத்துக் கண்ணாடி

கண்டியில் கட்டவிருந்த ஓர் அலுவலகத்தின் மேற்குச் சுவர் முழுவதும் சாதாரணக் கண்ணாடி போட உரிமையாளர் விரும்பினார். "கண்டி குளிரான ஊர்தானே, என்ன சூடு வரப்போகுது?" என்றார். கட்டட ஆலோசகரான நான் கட்டடத்தின் மாதிரியைக் கணினியில் உருவாக்கி, வெவ்வேறு கண்ணாடிகளைப் பொருத்தி, பிற்பகல் வெயிலில் அறை எவ்வளவு சூடேறும் என்று காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, வெப்பத்தைத் தடுக்கும் இரட்டைக் கண்ணாடிக்குச் சம்மதித்தார்.

அலுவலகம் திறந்த பிறகு ஒரு பிற்பகல் அங்கே போனேன். திரைச்சீலையை விலக்கிவிட்டு ஜன்னலோரம் வேலை செய்துகொண்டிருந்த பெண், எனக்கொரு கதிரையை இழுத்துப் போட்டார். "இங்க உக்காருங்க. வெளிய வெயில் கொளுத்துது, உள்ள தெரியவே இல்ல."

"இந்தக் கண்ணாடிய போடச் சொன்னது நான்தாங்க" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. மஹய்யாவவில் உள்ள என் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை முகத்தில் சிரிப்பு இருந்தது.